இன்வெர்டெட் கோஸ்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுவது

தடம் தலைக்கு மேலே, ட்ரெயின் அதற்குக் கீழே, பயணிகளின் கால்கள் அந்தரத்தில்: இதுதான் இன்வெர்டெட் ரோலர் கோஸ்டர். 1992-இல் சிகாகோ பக்கம் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் 'பேட்மேன் தி ரைடு' ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த வகை கோஸ்டர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதைச் செய்த சுவிஸ் நிறுவனமான பொலிகர் அண்ட் மபியார் ஒரு வரிசைக்கு நான்கு பேரை உட்கார வைக்கும். நெதர்லாந்தின் வெகோமா இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கும். சிறிய, நடுத்தரப் பூங்காக்களில் வெகோமாவைத்தான் அதிகம் பார்க்கலாம்.

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் வாயால் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அளவுகளும் வரம்புகளும் உங்கள் கோஸ்டரின் மேனுவலில் இருக்கின்றன. நான் சொல்வதும் மேனுவல் சொல்வதும் மோதினால் மேனுவலே சரி.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். தடத்துக்கு மேலேயோ கீழேயோ போவதென்றால் மெயின் சுவிட்சை அணைத்து, உங்கள் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஏர் டேங்கில் அழுத்தம் மிச்சம் இருக்கும், சரிவில் நிற்கும் ட்ரெயினை இழுக்கப் புவியீர்ப்பு இருக்கும். இன்னொன்று, ரீசெட் பட்டனை அழுத்துவது ரிப்பேர் ஆகாது. பிழை ஏன் வந்தது என்று ஒரு வரி எழுத முடியாதவரை அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

பேனலில் பிளாக் பிழை, ஆனால் தடத்தில் ஒன்றும் தெரியவில்லை

அதிகம் வருவது இதுதான், ஆட்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். தடம் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கில் ஒரு ட்ரெயின்தான் இருக்கலாம், ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ட்ரெயினை நிறுத்த ஏதாவது ஒன்று இருக்கும்: லிஃப்ட் (ட்ரெயினைச் செயினால் உச்சிக்கு இழுக்கும் ஏற்றம்), நடுவழி பிரேக், கடைசி பிரேக், ஸ்டேஷன். ட்ரெயின் எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குக் கண்ணால் தெரியாது. சென்சார்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கு இடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

முதலில் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள், ட்ரெயின்களை எண்ணுங்கள். கண்ணால் பார்த்து, விரல் விட்டு எண்ண வேண்டும். ஸ்டேஷனில் ஒன்று, பிரேக்கில் ஒன்று, ஷெட்டில் ஒன்று. இது சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும். 2015 ஜூன் 2-ஆம் தேதி இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 'ஸ்மைலர்' கோஸ்டரில் நடந்தது அந்த எண்ணிக்கையில் விழுந்த தவறுதான். ஆளில்லாத சோதனை ட்ரெயின் ஒன்று பாதி வழியில் நின்றிருந்தது. தடத்தில் ட்ரெயின் எதுவும் இல்லை என்று நம்பிய பொறியாளர்கள் பிளாக் அமைப்பு போட்டிருந்த தடையை மீறிப் பயணிகள் ட்ரெயினை அனுப்பினார்கள். 16 பேர் இருந்த அந்த ட்ரெயின் நின்றிருந்த ட்ரெயினில் மோதியது. இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. ஸ்மைலர் இன்வெர்டெட் வகை இல்லை என்றாலும் பிளாக் கணக்கு எல்லாக் கோஸ்டருக்கும் ஒன்றுதான். அன்று கம்ப்யூட்டர் சொன்னது சரி, மனிதர்கள்தான் அதை நம்பவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தால் அப்புறம் சென்சாருக்கு வரலாம். பெரும்பாலும் இவை உலோகத்தை உணரும் சின்ன உருளைகள், முனைக்கும் ட்ரெயினில் உள்ள தகட்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பூட்டைப் போட்டுவிட்டு, சென்சாருக்கான கன்ட்ரோல் கரண்ட் மட்டும் இருக்கும் நிலையில், ஒரு ஸ்பேனரை அதன் முனைக்கு நேரே காட்டுங்கள். சென்சாரின் பின்புறத்தில் உள்ள சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் சென்சார் போய்விட்டது, அல்லது அதற்குக் கரண்ட் வரவில்லை. எரிகிறது, ஆனால் கன்ட்ரோல் அறையில் அதற்கான இன்புட் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு நடுவில்தான்: கேபிள் உரசித் தேய்ந்திருக்கும், கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கும். இரண்டு விளக்கும் ஒழுங்காக எரிகின்றன என்றால் பிராக்கெட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அதிர்வில் நட்டு தளர்ந்து இடைவெளி கூடிவிட்டிருக்கும். அதனால்தான் காலையில் நன்றாக இருந்துவிட்டு, ட்ரெயின் வேகமெடுக்கும் பிற்பகலில் மட்டும் பிழை வரும்.

வந்து வந்து போகும் பிழைதான் மோசம். ஒருமுறை இரண்டு நாளாக ஒரே சென்சாரைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சென்சார் மேல் தப்பே இல்லை, ட்ரெயினில் இருந்த தகடு லேசாக வளைந்திருந்தது. ஒரே ட்ரெயின் போகும்போது மட்டும் பிழை வருகிறதா என்று முதல் நாளே குறித்து வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆகவே பதிவேட்டில் நேரத்தோடு எந்த ட்ரெயின் என்பதையும் எழுதுங்கள்.

காலையில் ட்ரெயின் சோம்பலாக வருகிறது

இது பல நேரம் கோளாறே அல்ல. குளிரில் பேரிங் கிரீஸ் இறுகும், சக்கரத்தின் மேலுள்ள பாலியூரித்தேன் உறையும் கெட்டியாகும், ட்ரெயின் மந்தமாக வரும். நாலைந்து சுற்று காலியாக ஓட்டினால் சூடேறிச் சரியாகிவிடும். எத்தனை டிகிரிக்குக் கீழே ஓட்டவே கூடாது என்று மேனுவலில் ஒரு வரம்பு இருக்கும். எதிர்க்காற்று ட்ரெயினை இழுத்துப் பிடிக்கும். காலி ட்ரெயின் நிறைந்த ட்ரெயினைவிட மெதுவாகத்தான் வரும்: காற்றின் தடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, அதைத் தள்ளிக்கொண்டு போக எடை வேண்டுமே. மழை இதற்கு நேர் எதிர். தண்ணீர் வழுக்க வைப்பதால் ட்ரெயின் வேகமாக வரும்.

எனவே 'மெதுவாக வருகிறது' என்று யாராவது சொன்னால் எதோடு ஒப்பிட்டு மெதுவாக என்று கேளுங்கள். இரண்டு சென்சார்களுக்கு நடுவே ட்ரெயின் எடுக்கும் நேரம் கன்ட்ரோலில் பதிவாகும். அதே வெப்பநிலையில், அதே காற்றில், அதே சுமையில் எடுத்த பழைய நேரத்தோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். 9.4 விநாடியில் வரும் ட்ரெயின் ஒரு குளிர்காலைப் பொழுதில் 9.9 எடுத்தால் பதற வேண்டாம். வெயில் ஏறியும் 9.9-லேயே நின்றால், அதுவும் ஒரு ட்ரெயின் மட்டும் அப்படி வந்தால், சக்கரத்தைப் பாருங்கள்.

சக்கரம் பார்ப்பதில்தான் இந்த வகையின் தொல்லையே இருக்கிறது. சாதாரணக் கோஸ்டரில் சக்கரங்கள் இடுப்பு உயரத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கும், போகிற போக்கில் கண்ணில் படும். இங்கே எல்லாம் பயணிகளின் தலைக்கு மேலே. சுமை தாங்கும் சக்கரம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், பக்கச் சக்கரம் வெளிப்புறம் உரசும், தண்டவாளத்துக்கு அடியில் உள்ளது ட்ரெயின் மேலே எழும்பாமல் பிடிக்கும். கீழே நின்று டார்ச் அடித்துவிட்டு 'பார்த்தாச்சு' என்று கையெழுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சக்கர மட்டத்துக்கு மேடை ஏறித்தான் பார்க்க வேண்டும்.

ஏறியதும் அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு சக்கரமாகக் காட்டுங்கள். சுற்று முடிந்து வந்த கையோடு காட்டினால்தான் பலன். எல்லாம் இளஞ்சூடாக இருக்கையில் ஒன்று மட்டும் கொதித்தால் ஒன்று பேரிங் போகிறது, அல்லது உறை உலோகத்திலிருந்து பிரிகிறது. பிறகு உறையை விரலால் தடவுங்கள். சிறு கொப்புளம் மாதிரி உப்பல், ஓரத்தில் முடியளவு வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் தட்டையான தேய்மானம், எது இருந்தாலும் கழற்றிவிடுங்கள். உப்பல் என்றால் உள்ளே சூடேறி உருகத் தொடங்கிவிட்டது, இன்னும் சில சுற்றுகளில் உறை துண்டு துண்டாகப் பறக்கும். கெட்டியான நைலான் சக்கரம் போட்டால் உருளும் தடை குறைந்து வேகம் கூடும், ஆனால் அதிர்வும் கூடும். பாலியூரித்தேன் மெத்தென்று போகும், கொஞ்சம் வேகத்தைத் தின்னும். எந்த இடத்தில் எது என்பதை உற்பத்தியாளர் சொன்னபடியே வையுங்கள். வேகம் போதவில்லை என்று சொந்த மூளையில் மாற்றிப் போடும் வேலை வேண்டாம்.

ட்ரெயின் பள்ளத்தில் நின்றுவிட்டது

மேட்டை ஏற முடியாமல் பின்னால் வழுக்கி, முன்னும் பின்னும் ஊஞ்சலாடி, தாழ்வான இடத்தில் நிற்கும். காரணத்தை அப்புறம் தேடலாம், முதலில் ஆட்களை இறக்க வேண்டும். காலுக்குக் கீழே தரை கிடையாது என்பதால் இறக்குவது இங்கே மெதுவான வேலை. தூக்கு மேடையை ஒவ்வொரு வரிசைக்கும் கீழே கொண்டுவந்து, கால் மேடையில் பதிந்த பிறகே அந்த வரிசையின் ஹார்னஸை (ஆளைச் சீட்டில் பிடித்து வைக்கும் சட்டத்தை) மட்டும் திறக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதும் இறங்கிவிட்டால் எடை சாய்ந்து ட்ரெயின் அசையும், அதனால் முன்கூட்டியே இருபுறமும் கட்டிப் போடுங்கள்.

காரணம் அநேகமாக மேலே சொன்னவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்ததாக இருக்கும்: குளிர், எதிர்க்காற்று, பாதி காலியான ட்ரெயின், புதிதாக மாற்றிய சக்கரங்கள். நடுவழி பிரேக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்திருந்ததா என்பதையும் பாருங்கள்.

லிஃப்டில் பாதியில் நிற்கிறது அல்லது ஏறும்போது உதறுகிறது

மோட்டார் டிரைவ் ஓவர்லோடு காட்டி நின்றால் செயினைப் பாருங்கள். எண்ணெய் காய்ந்த செயின் கரண்டை அதிகம் இழுக்கும். நீண்டுபோன செயின் பல்சக்கரத்தில் சரியாக உட்காராமல் ஒவ்வொரு பல்லிலும் லேசாகத் துள்ளும், அந்த உதறல் முதல் வரிசைப் பயணியின் முதுகுவரை வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை கண்ணிகளின் நீளத்தை அளந்து மேனுவல் வரம்போடு ஒப்பிடுங்கள். அடிவாரத்தில் செயினைப் பிடிக்கும் கணத்தில் மட்டும் வெட்டி இழுத்தால், ட்ரெயினின் கொக்கியும் செயின் வேகமும் பொருந்தவில்லை.

ஏறும்போது வரும் 'டக் டக் டக்' சத்தம் பின்னால் சரியாமல் தடுக்கும் பற்களில் நாக்கு விழும் சத்தம். அது சீராக வர வேண்டும். டக் டக், இடைவெளி, டக் என்று வந்தால் நாக்கின் ஸ்பிரிங் களைத்திருக்கிறது அல்லது கிரீஸும் தூசியும் சேர்ந்து அது ஒட்டிக்கொள்கிறது. சத்தமே வராத மாதிரி செய்யப்பட்ட அமைப்புகளும் உண்டு, அவற்றில் காதை நம்ப முடியாது, பார்த்தே ஆக வேண்டும்.

பிரேக்கில் அதிக தூரம் போய் நிற்கிறது

எந்த வகை பிரேக் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அழுத்திப் பிடிக்கும் பிரேக்குகள் பலவற்றில் ஸ்பிரிங்தான் மூடும், காற்று திறக்கும். கம்ப்ரசர் நின்றால் பிரேக் மூடிக்கொள்ளும், அதாவது காற்று கசிந்தால் பிரேக் பிடிக்காமல் போகாது, விடாமல் போகும். இது தெரியாமல் 'பிரேக் வீக்காக இருக்கிறது, ஏர் லீக் பாருங்கள்' என்று ஆட்களை விரட்டுகிறவர்கள் உண்டு. அதிக தூரம் போகிறது என்றால் பிரேக் கட்டைகளின் தடிமனை அளந்து பாருங்கள், அவை பிடிக்கும் தகட்டில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா பாருங்கள், மழை பெய்ததா என்று கேளுங்கள். லிஃப்ட் செயினுக்கு அள்ளி ஊற்றிய எண்ணெய் ட்ரெயினோடு பயணம் செய்து பிரேக் தகட்டில் வந்து சேர்ந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

காந்த பிரேக்குக்கு உரசலே இல்லை, மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும், முழுசாக நிறுத்திப் பிடிக்க அதனால் முடியாது. கடைசியில் நிறுத்துவது உரசல் பிரேக்கோ உந்து டயரோதான். ஸ்டேஷனில் அரை அடி தள்ளி நின்றால் அந்த டயரின் காற்றழுத்தத்தையும் தேய்மானத்தையும் பாருங்கள்.

ஒரு சீட்டின் பச்சை விளக்கு மட்டும் வரவில்லை

தோளுக்கு மேல் இறங்கும் ஹார்னஸ் பூட்டியதாகச் சென்சார் சொன்னால்தான் ட்ரெயின் கிளம்பும். பயணியின் பை வார், சட்டை மடிப்பு, சிக்கிய பெல்ட் என்று எளிய காரணங்களை முதலில் பாருங்கள். ஆள் இறங்கியதும் காலி சீட்டில் ஹார்னஸை மூடிப் பாருங்கள். விளக்கு வந்தால் பிரச்சினை உடல் அளவு, அவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்புவதைத் தவிர வழியில்லை. காலி சீட்டிலும் வரவில்லை என்றால் பூட்டிய நிலையில் ஹார்னஸை இரண்டு கையாலும் மேலே சீராகத் தள்ளிக்கொண்டே இருங்கள். பல் வைத்த பூட்டு என்றால் ஒரு 'க்ளிக்'குக்கு மேல் விடாது. ஹைட்ராலிக் என்றால் அசையவே கூடாது. மெல்ல மெல்ல ஊர்ந்து மேலே வந்தால் உள்ளே சீல் கசிகிறது. பூட்டு இரட்டையாகத்தான் வைத்திருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். ஆனால் ஒன்று போன சீட்டை ஓட்ட அது அனுமதி இல்லை.

சென்சாரை வயர் போட்டுக் குறுக்கே இணைத்து 'இன்று மட்டும்' ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். மேனுவல் அனுமதித்தால் அந்த சீட்டைப் பூட்டி ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட்டலாம். அனுமதிக்காவிட்டால் அந்த ட்ரெயின் ஷெட்டுக்கு.

குலுக்குகிறது, தலை இடிக்கிறது

பழைய வெகோமாக்களைப் பற்றி இந்தப் புகார் பிறந்த நாளிலிருந்தே உண்டு, எல்லாவற்றையும் பராமரிப்பு தலையில் கட்ட முடியாது. தடத்தின் வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் விதமும், காதுக்கு இருபுறமும் வரும் கெட்டியான ஹார்னஸும் சேர்ந்து செய்யும் வேலை அது. அமெரிக்காவின் கென்டக்கி கிங்டம் பூங்காவில் 1995-இல் வந்த 'டி2' 2015-இல் புது ட்ரெயின்களோடு 'டி3' ஆகத் திறந்தது. நியூ ஜெர்சியின் மோரிஸ் பியர்ஸில் அதே 1995-இல் வந்த 'கிரேட் நார்ஈஸ்டர்' 2017-இல் புதுத் தடமும் அங்கி மாதிரி ஹார்னஸும் பெற்றது. அப்படிப் பெரிய பணத்தில்தான் அது தீரும்.

நம்மால் தீர்க்கக்கூடியது புதிதாக வந்த குலுக்கல். போன மாதம் இல்லாதது இந்த மாதம் இருக்கிறதா? ஒரே ட்ரெயினிலா, எல்லாவற்றிலுமா? ஒரு ட்ரெயினில் மட்டும் என்றால் பக்கச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும் அல்லது பெட்டிகளை இணைக்கும் மூட்டின் புஷ் (உள்ளே உள்ள உரசல் வளையம்) தேய்ந்திருக்கும். எல்லா ட்ரெயினிலும் ஒரே இடத்தில் என்றால் தடத்தில் தேடுங்கள். கடைசி வரிசையில் நீங்களே உட்கார்ந்து போய், உதறும் இடத்தை அருகிலிருக்கும் தூணின் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

புதுச் சத்தம், தளர்ந்த போல்ட், விரிசல்

ஒவ்வொரு தடமும் தனிக்குரலில் உறுமும், அந்தக் குரல் உங்களுக்குப் பாடமாக வேண்டும். அது மாறினால் அதுவே அறிகுறி. முக்கியமான நட்டுகளில் நட்டிலிருந்து தகடுவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்திருப்போம். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்து விலகியிருந்தால் எவ்வளவு திரும்பியது என்பதும் தெரியும். திரும்ப முறுக்கிப் புதுக்கோடு போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏன் தளர்ந்தது என்று கேளுங்கள். பெயின்ட் மேல் மெல்லிய துருக்கசிவு ஒரு கோடாக வழிந்திருந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம். துடைத்துவிட்டுப் போகாமல் போட்டோ எடுத்து, காந்தத்தூள் சோதனை செய்பவரை அழையுங்கள்.

2023 ஜூன் 30-ஆம் தேதி அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவின் 'ஃபியூரி 325' கோஸ்டரில் ஒரு தூணின் உச்சி முழுசாகப் பிளந்து, ட்ரெயின் போகும்போது விலகி ஆடுவதை வீடியோ எடுத்துக் காட்டியவர் ஒரு பார்வையாளர். வாசலில் நிற்கும் யாரோ 'அங்கே ஏதோ ஆடுதே' என்று சொன்னால் சிரித்து அனுப்பாதீர்கள், போய்ப் பாருங்கள். எஃகுக்கும் ஆயுள் உண்டு. ஆல்டன் டவர்ஸில் 1994-இல் திறந்த 'நெமிசிஸ்' இன்வெர்டெட் கோஸ்டரை 2022 நவம்பரில் மூடி, தடத்தைப் பெருமளவு புதிதாக மாற்றி, 2024 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள்.

'என் போன் கீழே விழுந்துவிட்டது'

இதையும் கோளாறு பட்டியலில் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கோஸ்டரில் உயிரை எடுப்பது இதுதான். மற்ற கோஸ்டரில் ட்ரெயின் தடத்தின் மேல் போகும். இங்கே தடத்துக்கு அடியில் பயணிகளின் கால்கள் அதே வேகத்தில் வருகின்றன, தாழ்வான இடங்களில் தரையில் நிற்கும் ஆளின் தலை உயரத்துக்கே வரும். 1998-இல் கலிஃபோர்னியாவின் கிரேட் அமெரிக்கா பூங்காவில் 'டாப் கன்' கோஸ்டரின் வேலிக்குள் தொப்பி எடுக்கப் போனவர் ஒரு பயணியின் கால் மோதி இறந்தார். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 'ராப்டர்' கோஸ்டரின் வேலிக்குள் போன் எடுக்கப் போனவருக்கும் அதே கதி. இரண்டுமே இன்வெர்டெட்.

வேலிக்குள் ஆள் தெரிந்தால் உடனே நிறுத்தம், கேள்வி அப்புறம். ஆனால் நிறுத்தப் பட்டன் அடுத்த பிளாக்கின் பிரேக்கில்தான் ட்ரெயினை நிறுத்தும், லிஃப்டைத் தாண்டிவிட்ட ட்ரெயின் சுற்றி வந்தே தீரும் என்பதை மைக்கில் கத்துகிறவர் நினைவில் வைக்க வேண்டும். நம் ஆட்களுக்கும் இதே விதிதான். ட்ரெயின் ஓடும்போது வேலிக் கதவு திறக்கவே கூடாது, திறந்தால் கோஸ்டர் நின்றுவிட வேண்டும். மின் பூட்டைப் போட்டால்தான் கதவுச் சாவி கழலும் என்ற அமைப்பு இருந்தால் நல்லது. போனைத் தவறவிட்டவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, ஓட்டம் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். சாயங்காலம் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேடினால் ஒன்றுக்கு மூன்று போன் கிடைக்கும். ஒற்றைச் செருப்புகளும் கிடக்கும், அவற்றைக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.